பதிமூணு வண்டி, ஒரு ஃபைல்

முந்தின ராத்திரி, திருச்சி

நாளைக் காலை அஞ்சரைக்கு டி.வி.எஸ். டோல்கேட்டில் கூடுகிறோம். பதிமூணு வண்டி, பதினாறு பேர். மூணு பேர் வீட்டம்மாக்கள், பின்சீட்டு. எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு ஏட்டம்மா உண்டு, அவர் பின்சீட்டு இல்லை, சொந்த அப்பாச்சியில் வருகிறார், எங்களில் பாதிப் பேரைவிட நன்றாக ஓட்டுவார்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் எல்லோரும் போலீஸ், ஒரே வருஷம் தேர்வானவர்கள். எங்கள் பேட்சில் மாநிலம் முழுக்க இன்னும் சர்வீஸில் இருப்பது சுமார் 2,200 பேர். பணியில் இருக்கும்போது ஒருத்தர் இறந்துவிட்டால் ஆளுக்கு 500 ரூபாய் போடுவோம், பதினோரு லட்சம் சேரும், அப்படியே அந்தக் குடும்பத்துக்குப் போய்விடும். இது நாங்கள் கண்டுபிடித்ததில்லை. தமிழ்நாட்டுக் காவல்துறையில் பல பேட்ச்கள் இப்படிச் செய்கின்றன, மாவட்டச் செய்தியில் ஒரு ஓரத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பைக் எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் எங்கள் கேப்டன். (யார் பெயரும் போடப் போவதில்லை, கூப்பிடுகிற பெயர்தான்.) அவருடைய மச்சினன் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். வயிறு பெருத்த பெரியவர்கள், தோல் ஜாக்கெட், பெரிய பெரிய வண்டி, எல்லோரும் போலீஸாம். ப்ளூ நைட்ஸ் என்று பெயர், 1974-ல் மெய்ன் மாநிலத்தில் பேங்கர் என்கிற ஊரில் சில போலீஸ்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த மோட்டார் சைக்கிள் கிளப். பணியில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும்தான் அதில் சேர முடியும், இன்று இருபது நாடுகளுக்கு மேல் கிளைகள் இருக்கின்றன. வண்டியை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு சேர்ந்து ஊர் ஊராகப் போவதும் அதை வைத்து நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டுவதும் அவர்கள் வழக்கம். கேப்டன் அதைப் பார்த்துவிட்டு, "அவன் பணம் சேக்க ஓட்டறான். நம்மகிட்ட பணம் சேந்துருது. நாம கொண்டுபோய்க் குடுக்க ஓட்டுவோம்" என்றார். அப்படி ஆரம்பித்தது.

பணம்தான் போனிலேயே போய்விடுகிறதே, அதற்கு எதற்கு மூணு நாள் லீவு என்று என் வீட்டிலும் கேட்டார்கள். கணக்கில் பணம் ஏறினால் துக்கம் கேட்டதாக ஆகுமா? ஆள் போய் அந்தத் திண்ணையில் உட்கார வேண்டாமா?

இந்த முறை ‘நாற்பத்தேழு’ என்கிற எங்கள் ஆள் ஒருத்தன் வீட்டுக்கு. டிரெயினிங்கில் எல்லோரையும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், சிலருக்கு அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். நாற்பத்தேழு எனக்குப் பக்கத்துக் கட்டில். என் பூட்ஸுக்கும் சேர்த்துப் பாலிஷ் போடுவான், கூலியாக என் பங்கு முட்டையை எடுத்துக்கொள்வான். எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு கோயில் திருவிழா பந்தோபஸ்து முடிந்து, பதினெட்டு மணி நேரம் நின்றுவிட்டு, ராத்திரி இரண்டு மணிக்குத் தன் வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது, ரோட்டோரம் பின் விளக்கு இல்லாமல் நிறுத்தியிருந்த ஒரு லோடு லாரியில் மோதிவிட்டான். பிரேக் போட்ட தடம்கூட இல்லை. தூங்கியிருப்பான்.

ஆக, அவன் போனது பைக்கில். நாங்கள் போகப் போவதும் பைக்கில். இது சரியா என்று குரூப்பில் ஒரு வாரம் சண்டை. ஏட்டம்மா, "வேன் பிடிச்சுப் போவோம் சார், அந்தப் பொண்ணு வாசல்ல பதிமூணு வண்டி போய் நின்னா எப்படி இருக்கும்" என்றார். கேப்டன், "நாம எப்பவும் போற மாதிரி போவோம், அவனும் நம்மகூட நாலு தடவை வந்தவன்தானே" என்றார். இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது. முடிவுக்கு வராமலே கிளம்புகிறோம்.

தேதி பிடித்த கதை தனி. அக்டோபர் 21 காவலர் வீரவணக்க நாள். 1959-ல் லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்கிற இடத்தில் சீனப் படை சுட்டு நம் சி.ஆர்.பி.எஃப். ஆட்கள் பத்துப் பேர் செத்த நாள். அன்றைக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அக்டோபர் 24 திருப்பத்தூரிலும் 27 காளையார்கோவிலிலும் மருது சகோதரர்கள் நினைவு நாள், 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. அந்தப் பத்து நாளில் தென்மாவட்டத்தில் ஒரு போலீஸ்காரன் லீவு கேட்டால் எழுத்தரே சிரிப்பார். அப்புறம் மழை, அப்புறம் பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டு, தைப்பூசம். மற்றவர்களுக்குத் திருவிழாக் காலண்டர், எங்களுக்கு அது பந்தோபஸ்துக் காலண்டர். தைப்பூசம் முடிந்து மாசி மகத்துக்கு முன்னால் கிடைத்த இடுக்கில் போகிறோம்.

முதல் நாள், இரவு 9.30, காரைக்குடி லாட்ஜ்

கால் வலிக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன், நாளைக்கு மறந்துவிடும்.

முன்னால் கேப்டனின் புல்லட். 1955-லிருந்து திருவொற்றியூரில் செய்ய ஆரம்பித்த வண்டி, நான் சேர்ந்த புதிதில் புல்லட் சத்தம் கேட்டாலே இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று பாரா நிற்கிறவன் தொப்பியைச் சரி செய்வான். கடைசியில் நாங்கள் டிரைவர் என்று கூப்பிடுகிறவர், ஸ்ப்ளெண்டரில், ஸ்பானர் பையோடு. நடுவில் மற்றவர்கள், ஒருத்தர் இடப்பக்கம் ஒருத்தர் வலப்பக்கம் என்று விட்டு விட்டு. எங்கள் கூட்டத்துக்குச் சில வழக்கங்கள் உண்டு. ஓசி டீ குடிக்கக் கூடாது. எங்கே மறித்தாலும் டிபார்ட்மெண்ட் என்று சொல்லக் கூடாது. நாற்பத்தேழு போன பிறகு புதிதாக ஒன்று சேர்ந்தது: சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி உருளக் கூடாது.

முதுகில் 'போலீஸ்' என்று போட்ட பனியனும் கிடையாது. முதல் பயணத்தில் போட்டிருந்தோம், கருநீலம், வெள்ளை எழுத்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடின, பக்கத்து வீட்டுக்காரர் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடினார். என்ன கேஸோ, இன்றுவரை தெரியாது. அதோடு பனியனை வண்டி துடைக்க வைத்துவிட்டோம்.

புதுக்கோட்டை நெருங்கும்போது வாகனச் சோதனை. சின்னப் பையன், சர்வீஸ் இரண்டு வருஷம் இருக்கும். பதிமூணு வண்டியையும் ஓரம் கட்டச் சொன்னான். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் வரிசையாகப் பார்த்தான், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு வண்டி தேறியது. தேறாத ஒன்று என்னுடையது, புகைச் சான்று முடிந்து பத்தொன்பது நாள். சலான் போட்டான். ரசீதைக் கொடுக்கும்போது எங்கள் பிடரியை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "சார்... எல்லாருக்கும் ஒரே மாதிரி முடிவெட்டா இருக்கே, டிபார்ட்மெண்ட்டா?" என்றான். கேப்டன், "இல்ல தம்பி, ஒரே சலூன்" என்றார். இன்று முழுக்க எனக்கு 'சலான்' என்றுதான் பெயர்.

திருமயத்தில் கோட்டையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம். 1687-ல் சேதுபதி கட்டியது, கீழே பாறையில் சிவன் குடைவரையும் பெருமாள் குடைவரையும் அருகருகே. ஆனால் நாங்கள் அதிகம் பார்த்தது புல்லட்டின் பின் சக்கரத்தை. ட்யூப் டயர், முள் ஏறிவிட்டது. டிரைவர் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றி ட்யூபை உருவ, தண்ணீருக்கு வாளி இல்லாமல் ஏட்டம்மாவின் டிபன் கேரியர் அடுக்கில் ஊற்றிக் குமிழி பார்த்தார்கள். மதியம் அந்த அடுக்கில் தயிர்சாதம் சாப்பிட்டது யார் என்று சொல்ல மாட்டேன்.

கானாடுகாத்தான் தாண்டி, பள்ளத்தூர் பக்கம் அவன் ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். ஊருணிக் கரையில் கேப்டன் கையைத் தூக்கினார், எல்லோரும் நின்றோம். "வண்டி இங்கயே இருக்கட்டும். நடந்துருவோம்." அவ்வளவுதான், ஒரு வாரச் சண்டை அந்தப் புளியமரத்தடியில் முடிந்தது. ஹெல்மெட்டைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, கையில் தொங்கவிட்டுக்கொண்டே நடந்தோம். பாதித் தெரு போன பிறகுதான் ஏட்டம்மா தன்னுடையதைத் துப்பட்டாவில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். அதைப் பார்த்து நாங்களும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தோம், பள்ளிக்கூடத்துக்குக் கவட்டை கொண்டுபோகிற பையன்கள் மாதிரி.

அந்த வீடு அவனுடையதில்லை. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். செட்டியார் வீடு. முன் வாசல் ஒரு தெரு, பின் வாசல் அடுத்த தெரு. முகப்பு, திண்ணை, வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும், பர்மாத் தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்தால் என் இரண்டு கையும் தொடாது. சுவரில் கன்னத்தை வைத்தால் கண்ணாடி மாதிரி சில்லென்று வழவழப்பு, சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக் கரு சேர்த்துப் பூசியது. பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்துக் கட்டிய வீடுகள், யுத்தம் வந்து அந்த வரவு நின்ற பிறகு குடும்பங்கள் ஊர் ஊராகப் பிரிந்துவிட்டன. சொந்தக்காரர்கள் படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கிற சாமி கும்பிடு) கல்யாணத்துக்கும் வருவார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டு. நாற்பத்தேழின் அப்பா இந்த வீட்டுக்குக் காவல்காரர், அவர் காலத்துக்குப் பிறகு ஆத்தா. பின்கட்டில் இரண்டு அறையில் அவர்கள் குடித்தனம். அவன் பிறந்ததும் அங்கேதான்.

ஆத்தா வளவைப் பெருக்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் சாவிக்கொத்து, நடக்க நடக்கக் கிலுகிலு என்கிறது. எங்களைப் பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒவ்வொருத்தராகக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது. என்னிடம் வந்ததும், "நீதானே முட்டை குடுத்தவன்?" என்றது. எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை, தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

அவன் சம்சாரம், எங்களுக்குத் தங்கச்சி, அடுப்படியிலிருந்து வந்து முதலில் கேட்டது, "எல்லாரும் சாப்பிட்டீங்களா அண்ணே?" சாப்பிட்டோம் என்றாலும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்த் துவையலும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்தார். ஓரம் துளிகூடச் சிவக்காமல், நடுவில் உப்பி, பஞ்சு மாதிரி. பதினாறு பேர் அழுதுகொண்டும் துவையல் காரத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டும் சாப்பிட்டோம், எது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அது ஒரு வசதி.

அப்புறம் போட்டோப் பிரச்சினை. பணம் போட்ட 2,200 பேருக்கும் கணக்குக் காட்ட வேண்டும், அது நியாயம்தான். வழக்கமாகப் பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நிற்க, அந்த வீட்டுப் பெண் நடுவில் நிற்பார். எனக்கு அந்தப் படங்களே பிடிக்காது. எல்லாப் படத்திலும் நாங்கள் கேமராவைப் பார்ப்போம், அந்தப் பெண் தரையைப் பார்ப்பார். இந்தத் தடவை எங்களோடு வந்த ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிறவர்) அட்டையை ஊருணிக் கரையிலேயே வண்டியில் கட்டி வைத்துவிட்டு வந்திருந்தார், வேண்டுமென்றே. கணக்கில் பணம் ஏறிய சீட்டை மட்டும் போட்டோ எடுத்தோம், திண்ணைத் தரையில் வைத்து. அதைக் குரூப்பில் போட்டதும் ஒருத்தர், "தரை சூப்பரா இருக்கே, எந்த ஊர்?" என்று கேட்டார். மனுசன்.

லாட்ஜுக்கு வந்து எல்லோரும் தூங்கிவிட்டார்கள். எனக்கு வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன், பாதி நாள் இரவு ரோந்து. பூட்டிய வீட்டு ரோந்து என்று எல்லா ஊரிலும் உண்டு, வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போவார்கள், நாங்கள் போய்ப் பார்ப்போம். மற்ற ஊரில் ஒரு தெருவில் இரண்டு வீடு பூட்டியிருக்கும். இங்கே இரண்டு வீடு திறந்திருக்கும். ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு தனியாக நடப்பேன், மேலே மாடத்தில் சுதைப் பொம்மைகள், சிப்பாய், யானை, லட்சுமி, எல்லாம் வெளிச்சத்தில் சட்டென்று திரும்புகிற மாதிரி இருக்கும். ஜன்னல் கம்பி வழியாக வௌவால் நாற்றம். இந்த வீட்டு நிலைக்கதவுகளுக்கும் தூணுக்கும் விலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அதனால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, ஆணியில் தொங்குகிற, ரோந்து வந்ததைக் குறிக்கிற பட்டாப் புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்து. நாற்பத்தேழு லீவில் வந்தால் அந்தத் திண்ணையில்தான் படுத்திருப்பான். என் டார்ச் வெளிச்சம் முகத்தில் பட்டால் கண்ணைத் திறக்காமலே, "கையெழுத்துப் போட்டியா, போய்ட்டு வா, என் வீட்டையே என்கிட்டேர்ந்து காவல் காக்கறியா" என்பான்.

இரண்டாம் நாள், மாலை

இன்று நாயகன் ரைட்டர். ஸ்டேஷனில் ரைட்டர் வேலை பார்த்துப் பார்த்து, மனுஷனுக்குப் பேச்சு வராது, ஃபைல் வரும். நேற்று நாங்கள் அழுதபோதும் அவர் ஓரமாக உட்கார்ந்து தங்கச்சியின் பிளாஸ்டிக் பையில் இருந்த காகிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். இன்று காலை எட்டு மணிக்கே போய் வளவில் பாய் விரித்துக் கடை பரப்பிவிட்டார். வாரிசுச் சான்று ஒரு பக்கம், இறப்புச் சான்று ஒரு பக்கம், குடும்ப ஓய்வூதிய பாரம் ஒரு பக்கம், காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை டப்பா, சொம்பு, ஆத்தாவின் சாவிக்கொத்து.

அவர் தோண்டத் தோண்டத்தான் தெரிந்தது. சர்வீஸ் ரிஜிஸ்டரில் தங்கச்சி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி, ஒரு எழுத்துத்தான் வித்தியாசம், அதனால் ஓய்வூதிய ஃபைல் மூணு மாசமாக ஒரு மேஜையில் கிடக்கிறது. கருணை அடிப்படையில் வேலைக்கு மனு இன்னும் போடவே இல்லை. இறந்த மூணு வருஷத்துக்குள் போட வேண்டும், எட்டு மாசம் போய்விட்டது. "நான் எப்படிண்ணே ஸ்டேஷன்ல போய் வேலை பாக்கறது" என்று தங்கச்சி தயங்கியது. ஏட்டம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "லத்தி தூக்க வேண்டாம்மா. தகவல் பதிவு உதவியாளர், வரவேற்பாளர்னு போஸ்ட் இருக்கு, கம்ப்யூட்டர்ல உக்காந்து வேலை. நீ பி.காம். படிச்சதை வெச்சுக்கிட்டு என்ன செய்யப் போற, இந்தத் தூணை எண்ணப் போறியா?" என்றார். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னார். ஆனால் கையெழுத்து விழுந்தது.

பெரிய இடி மதியம். சம்பளக் கணக்கோடு சேர்ந்த விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு, நாங்கள் கொண்டுவந்ததைப்போலப் பல மடங்கு. அதற்கு நாமினி யார் என்று பார்த்தால், ஆத்தா. வேலையில் சேர்ந்த வருஷம் கணக்குத் திறக்கும்போது எழுதியது, கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பிளஸ் டூ வந்தும் அவன் மாற்றவே இல்லை. ஆத்தாவுக்கு அது என்னவென்றே புரியவில்லை. புரிய வைத்ததும், "எனக்கு எதுக்குடா இது, அவளுக்கே போட்டுரு" என்றது. அப்படிப் போட முடியாது ஆத்தா, நீ பாங்குக்கு வந்து கைநாட்டு வைத்து வாங்கினால்தான் உண்டு என்று ரைட்டர் மூணு தடவை சொன்னார்.

அப்புறம் ஒரு காட்சி. ஆண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து முகப்புக்குப் போய் போனை நோண்ட ஆரம்பித்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் கணக்கு வந்தது: பன்னிரண்டு ஆண்களில் அஞ்சு பேருக்கு இன்னும் அம்மாதான் நாமினி. ஒருத்தருக்கு அப்பா, அவர் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஒருத்தர் யாரென்றால் ரைட்டர்! எல்லோர் ஃபைலையும் பார்க்கிற ஆள். அவர் சம்சாரமும் எங்களோடு வந்திருந்தார், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கத்தியோடு ஒரு பார்வை பார்த்தார், நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

வீட்டில் கூட்டம் அதிகம் என்று நாலு பேரை ஆத்தங்குடிக்குத் துரத்தினார்கள், நானும் போனேன். தரையில் பதிக்கிற பூக்கல் செய்கிறதைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். சதுரமான கண்ணாடிச் சில்லு, அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ மாதிரி தடுப்பு வைத்த அச்சு. குழம்பாகக் கரைத்த கலர் சிமெண்டை ஒரு சின்னக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார், சிவப்பு, மஞ்சள், பச்சை, ஒரு சொட்டு பக்கத்துக் கட்டத்தில் விழுவதில்லை. அச்சைத் தூக்கினால் கலர் அப்படியே நிற்கிறது. மேலே காய்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை வைத்து அழுத்திச் சமன் செய்து எடுத்து வைத்துவிடுகிறார். சூளை கிடையாது, சுடுவதே இல்லை. தண்ணீரில் ஊறி வெயிலில் காய்ந்து கண்ணாடியை எடுத்தால் பளபளப்பு அதிலிருந்து வந்துவிடுகிறது. ஒரு கல்லுக்கு இரண்டு மூணு நிமிஷம்தான். நாற்பத்தேழின் திண்ணையில் இருப்பதும் இதே மாதிரி கல்தான், நேற்று அவன் படுக்கிற இடத்தில் மட்டும் பூ கொஞ்சம் மங்கலாக இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. பிரமையாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்தால் டிரைவரைக் காணோம். இரண்டாங்கட்டில், தார்ப்பாய் போட்டு மூடியிருந்த அவன் வண்டிக்கு முன்னால் குந்தியிருக்கிறார், பக்கத்தில் அவன் மகள். கேஸுக்காக ஸ்டேஷனில் நின்று, மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடித்து, திரும்ப வந்த வண்டி. முன் போர்க் வளைந்து, ஹெட்லைட் இருந்த இடம் வெறும் குழி. "மாமா, இது ஸ்டார்ட் ஆகுமா?" என்று கேட்டிருக்கிறது அந்தப் பிள்ளை. அவ்வளவுதான், டிரைவருக்கு மற்றதெல்லாம் மறந்துவிட்டது. பிளக்கைக் கழற்றித் துடைத்து, தன் ஸ்ப்ளெண்டரிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்து வந்து ஊற்றி, கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தார். நான் "டேய், வேண்டாம்டா" என்று சொல்லி முடிப்பதற்குள் நாலாவது உதையில் பிடித்துவிட்டது.

மூடிய வீட்டுக்குள் அந்தச் சத்தம். வளவில் பட்டு, மேல்மாடியில் பட்டு, இரண்டு பங்காகத் திரும்பி வந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. தங்கச்சி வாசற்படிக்கு வந்து நின்றது, கையில் ஈரமாவு. டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுக்கவும் தெரியாமல், அணைக்கவும் தெரியாமல் நிற்கிறார். எனக்கு அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். தங்கச்சி, "அணைச்சுருங்கண்ணே" என்றது. அணைத்தார். திரும்பிப் போகப்போன தங்கச்சி நின்று, "இன்ஜின் ஓடுதுன்னா ஏதோ ஒரு விலைக்குப் போகும்ல?" என்றது. யாருக்கும் பதில் வரவில்லை. வளவிலிருந்து ரைட்டர் குரல் மட்டும் வந்தது: "முதல்ல வாரிசு பேருக்கு ஆர்.சி. மாத்தணும்மா. அதுக்கும் பாரம் வெச்சிருக்கேன்."

மகள் அங்கேயே நின்று, சூடாக இருந்த சைலன்ஸரின் மேல் உள்ளங்கையை ஒரு சாண் உயரத்தில் வைத்துக்கொண்டிருந்தது, குளிர் காய்கிற மாதிரி.

மூன்றாம் நாள், திருச்சி, வீடு

காலையில் வீட்டம்மாக்களுக்குக் கண்டாங்கிச் சேலை, கொட்டான் கூடை, பலகாரக் கடை. அதை எழுதினால் சண்டை வரும், விட்டுவிடுகிறேன். நான் ஒரு கிலோ கவுனி அரிசி வாங்கினேன், எங்கள் வீட்டில் யாருக்கும் அதைச் சரியாக வேகவைக்கத் தெரியாது.

சொல்லிவிட்டு வரப் போனோம். இந்த முறை தங்கச்சியே, "ஏண்ணே அவ்வளவு தூரம் நிறுத்திட்டு நடந்து வர்றீங்க, வெயில்ல" என்றது. முதல் நாளே தெரிந்திருக்கிறது. கேப்டனுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், "நடந்தா நல்லதும்மா, சுகர் இருக்கு" என்றார். அவருக்கு சுகர் கிடையாது. இதையெல்லாம் எழுதட்டுமா என்று அப்போதே தங்கச்சியிடம் கேட்டேன். பேரு போடாம எழுதுங்க என்றது.

பாங்கு விஷயம் பேசினோம். வருகிற வியாழக்கிழமை ஆத்தாவைக் காரைக்குடி பாங்குக்குக் கூட்டிப்போக வேண்டும், ரைட்டர் சாட்சிக்கு வருகிறார், நானும் வருகிறேன் என்றேன், பஸ்ஸில் வந்து ஒரு ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ஆத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாவிக்கொத்தை இடுப்பில் சரி செய்துகொண்டே கேப்டன் பக்கம் திரும்பி, "அந்தத் தடதட வண்டி உன்னோடதா?" என்றது.

"ஆமா ஆத்தா."

"அவன் என்னைய அதுமாதிரி வண்டியிலதான் பாங்குக்குக் கூட்டிட்டுப் போவான். ஆட்டோல எனக்கு வாந்தி வரும்."

தங்கச்சி ஆத்தாவைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, பிறகு பணியாரச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழி குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர். மருது சகோதரர்களை 1801-ல் தூக்கிலிட்ட ஊர், நினைவிடத்தில் பத்து நிமிஷம் நின்றோம். எங்களில் ஏழு பேர் அந்த ஊரைப் பந்தோபஸ்துப் புள்ளிகளாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள், "இங்கதான் நான் 2014-ல நின்னேன்", "அந்த டிரான்ஸ்பார்மர்கிட்ட நான்" என்று காட்டிக்கொண்டார்கள். சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி வந்து நாலு வழிச் சாலையில் ஏறி, விராலிமலையில் கடைசி டீ, அஞ்சே முக்காலுக்கு வீடு. ஆறு மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது, குரூப்பில் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டதாக ஒவ்வொருத்தராகப் போட்டார்கள். ரைட்டர் மட்டும் கூடவே ஒரு வரி சேர்த்திருந்தார்: நாமினி மாற்றியாயிற்று.

எட்டு மணிக்குக் கேப்டன் போன் செய்தார். வியாழக்கிழமை அவருக்கு லீவு கிடைக்கவில்லை, புல்லட்டை நான் எடுத்துக்கொண்டு போக வேண்டுமாம். சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டார். தங்கச்சியிடம் கேட்டீர்களா என்றேன். கேட்டேன், "மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்றதாம்.

இப்போது என் பிரச்சினை வேறு. வீட்டில் இருக்கிற ஹெல்மெட்டிலேயே சின்னது என் சம்சாரத்தோடது, ஆத்தாவுக்கு இந்தா பெரிய கொண்டை. அவளிடம் கேட்டேன். தலையில் மாட்டிப் பார்த்தாள், கழற்றினாள், தன் கொண்டையை அவிழ்த்து இன்னொரு மாதிரி போட்டு மறுபடி மாட்டினாள். கொஞ்சம் கீழே இறக்கி, பிடரிப் பக்கமாக முடிந்தால் நுழையும் என்கிறாள்.